கிணற்றுக்கே மூடி போட்டவர்

உலகமே சூரியனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவனைத் திருடன் என்று வாசலில் நின்று சொல்லி, சாகும்வரை அந்தப் புகாரைத் திரும்பப் பெறாத ஒரே ஆள் எங்கள் மூடிக்காரர்தான். காலையில் எழுந்ததும் கிழக்கே பார்ப்பார். "வந்துட்டான் பாரு, வெறுஞ்சொம்பத் தூக்கிக்கிட்டு," என்பார். பிறகு குடம், அண்டா, மாட்டுத் தொட்டி, நாய்க்கு வைத்த கொட்டாங்குச்சி என்று ஒரு சுற்று வந்து, எல்லாவற்றுக்கும் மூடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் துலக்குவார். அந்த நாய், கொட்டாங்குச்சி மேல் வைத்த ஓட்டுத் துண்டை மூக்கால் தள்ளித் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி மூக்காலேயே மூடிவிட்டுப் போகும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் எனக்குக் குமாஸ்தா வேலை. மழை ஒரு வருஷம் பொய்த்தது. அடுத்த வருஷம் வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு அதுவும் பொய்த்தது. ஏரிக்குள் ஆட்கள் லாரி ஓட்டப் பழகினார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊரைச் சுற்றிப் பூமியைத் துளைத்துத் தள்ளின; தண்ணீருக்குப் பதிலாக வெள்ளை மாவுதான் பீய்ச்சி அடித்தது. தென்னைகள் முதலில் மட்டையை உதிர்த்தன, பிறகு தலையையே உதிர்த்தன. சந்தைக்கு ஓட்டிப்போன மாடுகள் சந்தை போய்ச் சேரும்போது எலும்பும் கயிறுமாக இருந்தன.

அப்படிப்பட்ட சமயத்தில் வாடகைக்கு வீடு தேடி, ஊர்க்கோடியில் இருந்த அவருடைய லைன் வீட்டுக்குப் போனேன். ரயில் பெட்டி மாதிரி ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். முன்னால் பொதுவாசல். வாசல் நடுவில் ஒரு சேந்து கிணறு. அந்தப் பக்கத்தில் இன்னும் தண்ணீர் கிடந்த கிணறு அது ஒன்றுதான். லைனில் இருந்த அத்தனை குடும்பத்தின் உயிரும் அந்த வாளிக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி எந்தூருங்க?" என்று கேட்டார். ஒல்லி உடம்பு, வெள்ளைத் துண்டுத் தலைப்பாகை.

"கெங்கவல்லிங்க."

"அக்கட்டால தண்ணி இருக்குதுங்களா?"

"எங்கீங்க, அங்கயும் இல்ல."

"அப்பச் சரி. மூடிப் பழகியிருப்பீங்க. குடி வாங்க."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. வரி ரசீதில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை வரி வசூலிக்க வருகிறவர் மட்டும் உபயோகித்தார். நாங்கள் முகத்துக்கு நேரே அண்ணா, மாமா. முதுகுக்குப் பின்னால் மூடிக்காரர்.

குடிவந்த பிறகுதான் சட்டதிட்டங்கள் தெரிந்தன. துவைத்த துணியை வாசல் கொடியில் போடக்கூடாது. அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்த வேண்டும். "ஈரம் ஊட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கட்டுமுங்க, எங்க போவுது." என் சட்டைகள் எல்லாம் அந்த வருஷம் காளான் வாசனையோடு ஆபீஸ் வந்தன. சோறு வேகும்போது மூடியின் அடியில் கோத்து நிற்கும் துளிகளைத் திரும்பப் பானைக்குள்ளேயே தட்ட வேண்டும். அவர் மனைவி பாவாயக்கா கல்யாணமான கொஞ்ச நாளிலிருந்தே இதைச் செய்து வருவதாகச் சொன்னார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பும் இல்லை, புகாரும் இல்லை. வெயிலில் நடக்கக்கூடாது, வேர்வையாகப் போய்விடும். லைனில் ஒரு சாவு விழுந்து, பெண்கள் வாசலில் கூடி மாரடித்தபோது மூடிக்காரர் போய் நின்று கைகூப்பினார்.

"அழுவறதுன்னா ஊட்டுக்குள்ள போயி அழுவுங்க, சாமி. வாசல்ல அழுதா எவனூருக்கோ மழையாப் போயிரும்."

பெண்கள் ஒப்பாரியை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். பிறகு, என்ன தோன்றியதோ, எழுந்து உள்ளே போய் அழுதார்கள்.

அவருடைய கட்சி இதுதான்: தண்ணீர் அழிவதே இல்லை. மேலே போகிறது, கீழே இறங்குகிறது. ஆனால் போவது நம்மூரிலிருந்து, இறங்குவது அடுத்தவன் ஊரில். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் செங்கோடண்ணன் பம்பாய் போய்த் திரும்பி வந்து, "அங்க என்னமாக் கொட்டுதுங்க மாமா மழை," என்று சொன்ன பாவத்துக்கு, அவரோடு ஒரு வாரம் பேச்சு நின்றது. "நம்மூட்டுத் தண்ணி அது. பாத்துப்போட்டுக் கைய வீசிக்கிட்டு வாராரு பாருங்க," என்று என்னிடம் குறைப்பட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. செங்கோடண்ணன் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் அந்தப் படத்தைக் காட்டினேன். கடல், சூரியன், மேலே போகும் அம்புக்குறி, மேகம், மலை, மழை, ஆறு. மூடிக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"படம் சரியாத்தான் போட்டிருக்கறானுங்க. மேல போவுதே அம்பு, அது நம்மூரு. கீழ எறங்குதே, அது எவனூரு?"

"அது பொதுவாப் போட்டிருக்கிறதுங்க."

"பொதுவா என்னங்க பொதுவா? மலைமேல எறங்குது பாருங்க. கொல்லிமலை." புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார். "கெளம்புங்க. போயிப் பாத்துப்போட்டு வருவோம்."

நான் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது சிரிக்கவில்லை. அது மேல்காற்று அடிக்கும் பருவம். புழுதி எல்லாம் கிழக்கே பறந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றுதான் திருட்டுக்கு வண்டி என்பது அவருடைய துப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏற, ஜன்னல் பக்கம் பாதாளத்தைப் பார்த்து எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பெயரை எல்லாம் சொன்னேன். ஒரு கட்டத்தில் சொல்ல வாய் ஒழியவில்லை. தலையை வெளியே நீட்டி ஓங்கரித்தேன். மூடிக்காரர் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உள்ள இருக்கற தண்ணியையும் மலைக்கே குடுத்துப்போட்டு வாரீங்களே தம்பி."

ஆகாய கங்கை அருவி அந்த வறட்சியில் கயிறு மாதிரி விழுந்துகொண்டிருந்தது. இவர் அதன் முன்னால் போய், வீட்டைவிட்டு ஓடிப்போன பையனை அடுத்த ஊர் டீக்கடையில் கண்டுபிடித்த அப்பன் மாதிரி நின்றார். ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"பேரு வெச்சிருக்கறாங்க பாருங்க, ஆகாய கங்கைன்னு. ஆகாயத்துக்கு ஏதுங்க தண்ணி? எங்கூட்டுக் கெணத்துது. உப்பு மட்டும் எறக்கி வெச்சுப்போட்டு வந்திருக்குது."

பக்கத்தில் விறகுக்கட்டோடு நின்ற மலைக்காரர் ஒருவர் சிரித்தார். "அதுக்கென்ன, இங்கயா நிக்கப்போவுது? எப்பிடியும் கீழதான வருது."

"எந்தப் பக்கம் வருதுங்க?"

"திருச்சி ஜில்லாப் பக்கம்."

மூடிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. களவு போனது ஒரு துக்கம். களவு போன பொருளை எதிர்ப்பக்கத்து ஊர்க்காரன் அனுபவிப்பது அதைவிடத் துக்கம். கொண்டுவந்திருந்த மண்ணெண்ணெய் டின்னில் அருவியைப் பிடித்து, வாயைத் துணியால் இறுக்கி, மெழுகு வைத்து, இறங்கும் வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்கு வந்ததும் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு, டின்னைக் கிணற்றில் மெதுவாகச் சாய்த்தார்.

"வந்துட்டியா சாமி. இனி எங்கயும் போவாத."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். பாவாயக்கா சிரிக்கவில்லை.

மறுநாள்தான் கிணற்றுக்கு மூடி போடும் வேலை ஆரம்பமானது. உச்சிவேளையில் சூரியன் கிணற்றுக்குள் நேராக எட்டிப் பார்க்கும். அந்தக் கொஞ்ச நேரம் மூடிக்காரர் கிணற்றடியைவிட்டு நகரமாட்டார். லாரிப் பட்டறையிலிருந்து பழைய பாடிப் பலகைகள் வந்தன. எங்கள் ஆபீஸின் கிழிந்த தார்ப்பாயை நானே சுமந்து வந்து கொடுத்தேன். பலகை, மேலே தார்ப்பாய், ஓரமெல்லாம் களிமண்ணும் சாணியும் பூசி ஒரு ஊசி இடைவெளி இல்லாமல் அடைத்தார். வாளி போய்வர மட்டும் நடுவில் ஒரு சின்னக் கதவு. சேந்தியவுடன் கதவைச் சாத்தி மேலே ஒரு கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். "மூடிப்போட்டுப் போங்க, மூடிப்போட்டுப் போங்க" என்று நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து ஜபம். கொஞ்ச மாதத்தில் என் கை தூக்கத்தில்கூட எதையாவது மூடப் பழகிவிட்டது. ஆபீஸில் மானேஜர் வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரைப் பாதி வழியில் பிடித்து மூடினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இத்தனை மூடிகளிலும் தனி அந்தஸ்து ஒன்றுக்கு உண்டு. அவர்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு பெரிய பித்தளைத் தவலை இருந்தது. தட்டு வைத்து மூடி, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, கழுத்தில் கயிறு சுற்றிக் கட்டியிருக்கும். மழை இருந்த நாளில் அடிக்கடி தண்ணீர் மாற்றுவார்களாம். இப்போது மாற்றுவதற்குத் தண்ணீர் இல்லை. ஆனால் தவலை நிறைந்தே இருந்தது. எருமை தாகத்தில் நாக்கைத் தள்ளியபோதும் அதைத் தொடவில்லை. எருமையைச் சந்தைக்கு ஓட்டினார்கள்; தவலையின் கயிற்றை அவிழ்க்கவில்லை.

ஒருநாள் பாவாயக்காவிடம் கேட்டேன். "ஏங்க்கா, அதுல தண்ணியா, தங்கமா? தங்கம்னா எனக்கும் ஒரு மோதிரம் பண்ணுங்க."

பாவாயக்கா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார். "முன்ன ஒரு பஞ்சம் வந்துச்சுங்க தம்பி. இதவிடப் பெருசு. அப்ப எங்களுக்கு நடக்கப் பழகுன புள்ள ஒண்ணு இருந்துச்சு. காச்சல்ல போயிருச்சு. எடுத்துக்கிட்டுப் போவறதுக்கு முன்ன ஒரு சொம்பு ஊத்திக் குளிப்பாட்டோணுமில்ல? ஊருல ஒரு சொம்பு இல்லீங்க. ஈரத்துணியில தொடச்சுப் பொதச்சோம்." முறத்தைத் தட்டி உமியை வாசல் பக்கம் ஊதினார். "அதுக்கப்புறந்தான் இவரு மூடி போட ஆரம்பிச்சாரு. அந்தத் தவலை, இந்த ஊட்டுல அடுத்தாப்பல யாரு போனாலும் அவுங்களுக்குங்க. உசுரே போனாலும் மத்த எதுக்கும் அதத் தொடப்படாதுன்னு சொல்லிப்போட்டாரு."

எதற்கும் ஒரு நக்கல் கைவசம் வைத்திருக்கும் ஆள் நான். அன்று என் வாய்க்கு நானே ஒரு மூடி போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன்.

சித்திரையில் கிணறும் கைவிட்டது. வாளி தண்ணீரில் விழும் சத்தம் நின்று, சேற்றில் உரசும் சத்தம் கேட்டது. வீட்டுக்கு ஒரு குடம் என்று ஆனது. அதுவும் காபி நிறத்தில். உள்ளே இறங்கி ஊற்றுக்கண்ணைத் தூர்வாரினால் இன்னும் கொஞ்சம் வரும் என்றார் மூடிக்காரர். ஒரு ஞாயிறு, சரியாக உச்சிவேளை, மண்வெட்டியோடு புறப்பட்டார். கிணற்றுச் சுவரில் கால் வைத்து இறங்கக் கல் நீட்டியிருக்கும். வாளி போகிற கதவு வழியாகவே அவர் உடம்பும் போனது, அப்படிப்பட்ட உடம்பு.

"அண்ணா, மூடியப் பூராவும் எடுத்துடலாங்களா? காத்து வெளிச்சம் வரட்டும்," என்றேன்.

"ஏனுங், உங்களுக்குப் பைத்தியமா? அவன் தலைக்கு மேல நிக்கறான். சித்தே நீக்குவெச்சுக்கிட்டு அங்கயே இருங்க. கூப்புட்டாத் தொறந்தாப் போதும்."

கையகலம் திறந்து வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். உள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு குரல்: "கண்ணு இருக்குதுங்க தம்பி. ஈரம் கசியுது. இன்னஞ் சித்தே..." அதோடு நின்றது. சித்தே என்ன என்று காத்திருந்தேன். மண்வெட்டிச் சத்தமும் இல்லை. கண்ணை இடுக்கில் வைத்துப் பார்த்தேன். அடியில் வெள்ளைத் தலைப்பாகை தெரிந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கும் ஆள் மாதிரி சுவரில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். அசையவில்லை.

இந்த மாதிரி இடத்தில் ஒரு ஆண்பிள்ளை என்ன செய்வான் என்பதைச் சினிமாவில் பார்த்திருக்கிறீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் கிணற்றுக் கதவை ஒழுங்காகச் சாத்தினேன். கல்லைத் தூக்கி மேலே வைத்தேன். கல் ஆடுகிறதா என்று அசைத்தும் பார்த்தேன். பிறகு ஓடினேன். எங்கே ஓடினேன் என்றால், ஆபீஸை நோக்கி. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்கும் என்பது தெரு முனையில்தான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, வாசல் நடுவில் நின்று, புக்கிங் ஆபீஸில் லாரிக்குச் சரக்கு கிடைத்ததும் தினமும் கத்திப் பழகிய வார்த்தையைக் கத்தினேன்.

"லோடு விழுந்துடுச்சு. லோடு விழுந்துடுச்சு."

செங்கோடண்ணன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். "எங்கீங்க விழுந்துச்சு, கிளார்க்கு?"

"கிணத்துல."

"கெணத்துலயா? என்ன லோடு?"

"மூடிக்காரரு."

அவர் கிணற்றைப் பார்த்தார். "கெணறு மூடித்தான இருக்குது?"

"நாந்தான் மூடுனேன்."

செங்கோடண்ணன் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். "கல்ல வேற வெச்சிருக்கறீங்க," என்றார். அதற்குமேல் என்னிடம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. பலகைகளைக் காலால் உதைத்துப் பிய்த்தார். அரிக்கேன் விளக்கைப் பற்றவைத்துக் கயிற்றில் இறக்கினார். பாதி ஆழம்கூடப் போகவில்லை, யாரோ விரலால் நசுக்கியது போல விளக்கு அணைந்தது.

"கெட்ட காத்துங்க. மூடி மூடிச் சேத்து வெச்சிருக்கறாரு. இப்ப எறங்குனா நானும் அவரு பக்கத்துல போயிச் சாஞ்சுக்க வேண்டியதுதான்." சுற்றிலும் கூடிவிட்ட லைன் வீட்டுப் பெண்களைப் பார்த்தார். "மேலருந்து தண்ணிய ஊத்துங்க. விடாம ஊத்துனாக் காத்துக் கலங்கும். ஓடுங்க."

யாரும் ஓடவில்லை.

ஒருவரும் கெட்டவர் இல்லை. வீட்டில் இருந்தது ஒரு குடம். நாளைக்கு உண்டா என்று தெரியாத ஒரு குடம். உள்ளே தொட்டிலில் குழந்தை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். என் அறையிலும் ஒரு குடம் இருந்தது.

அப்போது பாவாயக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தார். இடுப்பில் அந்தப் பித்தளைத் தவலை. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். துணியையும் தட்டையும் வாசலில் வீசினார். தவலையைக் கிணற்று விளிம்பில் சாய்த்தார். தெளிந்த தண்ணீர். அந்தக் கோடையில் அப்படி ஒரு தண்ணீரை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. பளபளவென்று வெயிலில் விழுந்துகொண்டே இருந்தது.

அதன்பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. குடங்கள் வந்தன, அண்டாக்கள் வந்தன. பால்புட்டி கழுவ வைத்திருந்த வெந்நீர் வந்தது. என் குடத்தைக் கொட்டினேன், சவரக் கிண்ணத்தைக் கொட்டினேன், அவசரத்தில் பாதியை என் காலிலேயே கொட்டினேன். நாயின் கொட்டாங்குச்சியைக்கூட எடுத்துவந்து ஊற்றினேன். நாய் ஓட்டுத் துண்டைப் பார்த்தபடி நின்றது. செங்கோடண்ணன் ஒரு வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசிக் காற்றைக் கலக்கினார். மறுபடி விளக்கை இறக்கினார். சுடர் துடித்தது, சுருங்கியது, பிறகு நின்றது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே கயிற்றை இழுத்தவர்களில் நானும் ஒருவன். இழுத்தேன் என்று சொல்வதைவிடக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன் என்பது சரி.

மூடிக்காரரை வாசலில் கிடத்தினார்கள். நீலம் பூத்த உதடு. செங்கோடண்ணன் நெஞ்சை அழுத்தி அழுத்தி விட்டதில் ஒரு இருமல் வந்தது, இன்னொன்று வந்தது, கண் திறந்தது. நாங்கள் எல்லாம் குனிந்து பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் கால்களுக்கு நடுவே, உச்சி வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த கிணற்றைப் பார்த்தார்.

"மூடுங்க," என்றார்.

சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். பிழைத்தார். ஆனால் நுரையீரல் கெட்டுவிட்டது, ரொம்ப நாள் தாங்காது என்று பாவாயக்காவிடம் சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்தவரை வாசல் கட்டிலில் போட்டோம். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் செங்கோடண்ணன் அவரிடம் சொன்னார், முக்கியமாக என் வீரத்தை. மூடிக்காரர் மூச்சு வாங்கியபடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மூடிப்போட்டுத்தான் ஓடுனீங்களா?"

"ஆமாங்க."

"கல்லு?"

"வெச்சேங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த லைன்லயே உங்களுக்குத்தாங்க பொறுப்பு இருக்குது." பாவாயக்கா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

சமையலறை மூலையில் தவலை கவிழ்ந்து கிடந்தது. அதுதான் அவரை அரித்தது. அவருக்கென்று வைத்திருந்த தண்ணீரை அவர் மேலேயே ஊற்றியாகிவிட்டது. இனிப் போனால் ஈரத்துணிதான். கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக உறவுக்காரர்கள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கைகூப்பிச் சொன்னார்: "இப்பப் போறாப்பல இல்லீங்க. மழை பெய்யட்டும். அப்பறம் சொல்லியனுப்பறேன், வந்துருங்க." வந்தவர்கள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மோர்கூடக் கேட்காமல் போனார்கள்.

மோகனூரிலிருந்து செங்கோடண்ணன் லாரியில் டிரம் டிரம்மாகக் காவிரித் தண்ணீர் ஏற்றி வந்துதான் லைன் பிழைத்தது. அதிலிருந்து தவலையை நிரப்பிவிடலாம் என்று பாவாயக்கா சொன்னபோது அவர் ஒப்பவில்லை. "குடிக்கற தண்ணிய எடுத்துச் சாவுக்கு வெக்காத. புள்ளைங்க இருக்குது." ராத்திரி பகல் என்று இல்லாமல் இருமினார். நெஞ்சுக்கூடு பழைய குடை மாதிரி விரிந்து சுருங்கியது. ஆனால் போகவில்லை. ஆடி போனது, ஆவணி போனது. செத்துப்போவதைத் தள்ளிப்போட முடியும் என்பதை அந்த மனிதரிடம்தான் பார்த்தேன். நாங்கள் சைக்கிள் டியூப் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோமே, அந்த மாதிரி.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் காற்று நின்றது. பிறகு திரும்பியது. கிழக்கே கொல்லிமலை இருக்கிற பக்கம் ஆகாயம் கறுத்தது. மலையையே காணோம். எதிர்க்காற்றில் மண் வாசனை வந்தது. மூடிக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கொண்டுபோன திசையிலிருந்தே அது திரும்பி வந்துகொண்டிருந்தது.

"பாத்தீங்களா தம்பி. திருப்பிக் குடுக்கறான்." பிறகு, அந்த லைன் வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத உத்தரவைப் போட்டார். "எல்லா மூடியும் எடுங்க."

எடுத்தோம். குடம், அண்டா, தொட்டி, கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் திறந்து வைத்தோம். மூடிகளையும் சும்மா விடவில்லை. அவற்றையும் மல்லாத்தி வைத்தோம். அவர் கட்டிலை உள்ளே தூக்க வந்தவர்களைத் திட்டி அனுப்பிவிட்டு, நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கூரைத் தண்ணீரில் பாவாயக்கா தவலையை நிரப்பிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். மூடிக்காரர் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தார். நிறைந்த சத்தம். தட்டை எடுத்துத் தன் கையாலேயே மூடினார்.

கார்த்திகையில் போய்விட்டார். சொன்ன சொல் தவறாமல் எல்லோருக்கும் சொல்லியனுப்பினோம்.

குளிப்பாட்டத் தூக்கியபோது செங்கோடண்ணன்தான் சொன்னார். "உள்ளயே வெச்சு ஊத்துவோம். கதவச் சாத்துங்க. ஒரு பொட்டு வெளிய போச்சுன்னா எந்திரிச்சுத் திட்டுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. கதவைச் சாத்தினோம். முதல் சொம்பை மொண்டவர் கையைப் பாவாயக்கா பிடித்து நிறுத்தினார்.

"தாராளமா ஊத்துங்க. புள்ளைக்கும் சேத்து ஊத்துங்க."

தவலை காலியாகும்வரை ஊற்றினோம்.

சுடுகாட்டில் விறகெல்லாம் ஈரம். மழை விட்டபாடில்லை. மண்ணெண்ணெய் ஊற்றியும் தீ பிடிக்காமல் புகை மட்டும் வந்தது. அதுவும் மேலே ஏறாமல், நிரம்பிக் கிடந்த ஏரித் தண்ணீரை ஒட்டிப் படுத்துக்கொண்டது. செங்கோடண்ணன் என் தோளைத் தொட்டார்.

"பாருங்க கிளார்க்கு. மேல போவ மாட்டேங்கறாரு."

"போனா எந்த ஊர்ல எறக்கிவிடுவானோன்னு பயம்," என்றேன்.

இன்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற வீட்டில் இருக்கிறேன். பழக்கம் விடவில்லை, கண்ணில் பட்டதை எல்லாம் மூடுகிறேன். விருந்தாளிகள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மழை தூறினால் போதும், எழுந்து போய்ப் பக்கெட், குடம், அண்டா, டம்ளர்வரை எல்லாவற்றையும் திறந்து மொட்டைமாடியில் வைத்துவிட்டு வருகிறேன். "குழாயிலதான் வருதே, இதெல்லாம் எதுக்கு?" என்று என் மனைவி கேட்பாள்.

தண்ணீருக்காக இல்லை. சுற்றிச் சுற்றி வருகிற மனிதர், இந்தப் பக்கம் வந்தால் இறங்க ஒரு இடம் வேண்டாமா?